வாத்து, நாற்காலி, மூன்றாவது வரிசை

“வாத்து, பக்கத்துல நாக்காலி.”

“இருபத்தி நாலு. மூணாவது வரிசை.”

எழுபதுகளின் பிற்பகுதியில், வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாள் காலையிலும் என் காதில் விழுந்த பேச்சு இது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் சாலையோரம் நீளமாக ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் சைக்கிள் ஸ்டாண்ட். பாசஞ்சர் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் ஆளுக்கொரு தகரத் தகட்டை நீட்டிக்கொண்டு முண்டியடிப்பார்கள். தகடுகளை வாங்கும் பெண், அதில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்க மாட்டாள். அதன் உருவத்தைச் சொல்வாள். இரண்டு என்றால் வாத்து, நான்கு என்றால் நாற்காலி, ஏழு என்றால் அரிவாள், பூஜ்யம் என்றால் முட்டை. எட்டுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முட்டை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அவள் கணவர் அதை எண்ணாக்கி, எந்த வரிசை என்பதையும் சொல்வார். அவள் உள்ளே போய் அந்த வண்டியை உருட்டிக்கொண்டு வருவாள். வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் நாங்கள் சிரிப்போம். புருஷன் பெண்டாட்டி இருவரும் பொழுது போவதற்காக வைத்துக்கொண்ட விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நான் அப்போது ஒரு ரசாயனக் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீடு பொன்னேரியில். ரயிலைவிட்டு இறங்கிக் கம்பெனிக்குப் போக பஸ்ஸை நம்ப முடியாது என்பதால், அப்பா ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி அந்த ஸ்டாண்டில் போட்டுவைத்தார். இரும்பு ஏற்றிய லாரிகளுக்கு நடுவே ஒரு பெண் சைக்கிள் மிதித்துப் போவது அந்தச் சாலைக்குப் புதிது. சிலர் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் ஏதாவது சொல்வார்கள். ஸ்டாண்டுக்குள் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தகடு வாங்கும் அந்த அக்கா இருந்ததால். என் வண்டியை எப்போதும் ஆண்கள் இடித்துக்கொள்ளாத கோடியில் நிறுத்துவாள். செயினுக்கு எண்ணெய் விட்டிருப்பாள். “டைப்பு பாப்பா வண்டிக்கு வழி உடுங்கய்யா” என்று அவள் குரல் கொடுத்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும்.

அவள் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண். அவள் கணவர் இந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இருவரும் தாங்களே முடிவு செய்து கல்யாணம் கட்டிக்கொண்டதால் இரண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. குழந்தையும் இல்லை. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே, மெட்ராஸுக்கு ரயிலேறுகிறவர்கள் வண்டியை எங்கே விடுவதென்று தவிப்பதைப் பார்த்து, அந்த இடத்தில் மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். மூங்கிலை அவர் பிடித்துக்கொண்டாராம், குழி தோண்டியது அக்காவாம். அதை அவரே பெருமையாகச் சொல்வார். “தோண்டுறதுல இவள மிஞ்ச முடியாது. நண்டு வளை பார்த்த கையி.” பிற்பாடு தொழிற்பேட்டை வளர்ந்து சைக்கிள்கள் பெருகின. எதிர்ச்சாரியில் சிமெண்ட் ஷீட் போட்ட இன்னொரு ஸ்டாண்டும் வந்துவிட்டது. ஆனாலும் பழைய ஆட்கள் கீற்றுக் கொட்டகையைவிட்டு நகரவில்லை.

ஒரு மழைக்காலக் காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ரயில் தாமதம், பாதிப் பேர் வரவே இல்லை. ஸ்டாண்டில் கூட்டமில்லை. அக்கா உள்ளே ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் இருந்த அவள் கணவர் முன்னால் போய் நின்று, பேசாமல் தகட்டை நீட்டினேன். அவர் முகம் என்னை நோக்கித்தான் இருந்தது, பார்வை மட்டும் என் தோளைத் தாண்டி எங்கோ இருந்தது. கையை இன்னும் அருகே கொண்டுபோனேன். அவர் அசையவில்லை. பிறகு, “யாரு?” என்றார். தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டு அக்கா ஓடிவந்தாள். “குடு பாப்பா” என்று தகட்டைப் பிடுங்கினாள். வண்டியை என்னிடம் தராமல் சாலைவரை அவளே உருட்டிக்கொண்டு வந்தாள்.

“பார்த்துட்டல்ல” என்றாள். “ரெண்டு வருசமாச்சு. கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சாம். மெட்ராஸுல காட்டினோம். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க. வெளிய சொல்டாத. கண்ணு தெரியாதவன் காவலுக்குக் குந்திகினு இருந்தா யாரு வண்டிய உடுவாங்க?”

நான் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபிறகு அந்தக் கொட்டகையில் நடப்பதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. யாராவது தெரிந்தவர் வந்தால், அவர்கள் வாய் திறக்குமுன் அக்கா, “வாங்க ரோலிங் மில் சார்” என்று உரக்க வரவேற்பாள். அது வந்தவருக்குச் சொன்னதல்ல, கணவருக்குச் சொன்னது. டீ டம்ளரைத் தரும்போது ஸ்டூலின் காலில் ஒருமுறை தட்டுவாள், அவர் கை நேராக அங்கே போகும். அவரும் சும்மா இருக்கவில்லை. எந்த எண் வண்டி யாருடையது, யார் இரண்டு நாளாக வரவில்லை, யாருடைய டியூபில் காற்று நிற்பதில்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அக்காவுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஆகவே அவள் பார்த்துச் சொல்ல, அவர் படித்துச் சொன்னார். நாங்கள் விளையாட்டு என்று நினைத்தது அவர்களுடைய பிழைப்பு.

எனக்கு வயது இருபத்திரண்டு. உதவி செய்வதில் அவசரம் உள்ள வயது. “பத்து எண்தானே அக்கா, ஒரே வாரத்தில் கற்றுத்தருகிறேன்” என்றேன். அக்கா சைக்கிள் சீட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கு நம்பர் தெரிஞ்சிட்டா அவருக்கு இன்னா வேல பாப்பா?”

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த கோடையில் அக்கா மெலிந்துபோனாள். வண்டியை நகர்த்தும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. “பத்து நாள் படுக்கணுமாம். யாரு பார்ப்பா இத?” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு காலையில் இரண்டாவது வரிசையில், சைக்கிள்களுக்கு நடுவே சுருண்டு விழுந்துவிட்டாள். வேலைக்குப் போக வந்தவர்கள்தான் ஜட்கா பிடித்து, பிறகு ஒரு கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஆபரேஷன்.

அவள் கணவரும் கூடவே போய்விட்டு, சேர்த்த அன்று மாலையே திரும்பிவிட்டார். இத்தனை பேர் வண்டி உள்ளே இருக்கிறதே. ஸ்டாண்டை மூடவில்லை. முதல் நாள் எப்படியோ ஓடியது. “எத்தினி?” என்று கேட்பார், ஆள் எண்ணைச் சொன்னதும் எழுந்துபோய் வரிசையை எண்ணித் தடவி வண்டியைக் கொண்டுவருவார். சட்டென்று பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாம் நாள் மாலை யாரோ அவசரத்தில் நான்கு வண்டிகளை இடம் மாற்றி நகர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்த நாங்கள் வண்டியை விட்டுக்கொண்டிருந்தோம். அதே நேரம் மெட்ராஸ் ரயில் வந்து, அதிலிருந்து இறங்கியவர்கள் வண்டி எடுக்க வந்தார்கள். அவர்களில் ஒரு சூப்பர்வைசருக்கு வேறொருவர் வண்டி போயிற்று. அவர் திருப்பி அனுப்பினார். மறுபடி வேறு வண்டி. மூன்றாவது முறையும் தவறியதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

“இன்னாய்யா, பொம்பள இல்லன்னதும் ஊத்திக்கினு வந்து குந்திகினியா? என் வண்டிய எவனுக்குத் தூக்கிக் குடுத்த?”

நான் வாயைத் திறக்கப் போனேன். ஏதாவது சொல்லி மூடிவிடலாம் என்று. அதற்குள் அக்காவின் கணவர் கையில் பிடித்திருந்த வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்.

“குடிக்கல சார். எனக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. என் சம்சாரம்தான் இதுவரைக்கும் எனக்கும் சேர்த்துப் பார்த்துகினு இருந்தா. அவ ஆஸ்பத்திரில கெடக்குறா. உங்க வண்டி உள்ளதான் கீது. அடையாளம் சொல்லுங்க, தேடித் தர்றேன்.”

சூப்பர்வைசர் தானே உள்ளே போய்ப் பச்சை உறை போட்ட தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் மறுபடி வரவில்லை. அவரோடு ஏழெட்டுப் பேர் எதிர்ச்சாரி ஸ்டாண்டுக்கு மாறிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. மற்றவர்கள் இருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து வருகிறவர்கள், “நான் பெயிண்ட் கம்பெனி”, “நான் ஆரம்பாக்கம்” என்று தாங்களாகவே குரல் கொடுத்துக்கொண்டு நுழைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவரை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெண்கள் வார்டில் எந்தக் கட்டில் என்று தெரியாமல் வாசலில் தயங்கியபோது, கோடியிலிருந்து அக்காவின் மெலிந்த குரல் வந்தது. “இங்க பாப்பா, முப்பத்தேழு.” தலைமாட்டுச் சுவரில் வெள்ளை பெயிண்டில் 37 என்று எழுதியிருந்தது. அக்காவுக்குத்தான் எண் தெரியாதே என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. நர்ஸ் சொல்லித் தெரிந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கட்டில் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. “எல்லார்க்கும் சொல்ட்டேன்மே” என்றார்.

அக்கா முதலில் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும் அவள் முகம் மாறியது. சத்தம் போடக்கூட உடம்பில் தெம்பில்லை. “யார கேட்டுச் சொன்ன? ரெண்டு வருசம் நான் மூடி மூடி வெச்சேன். ரெண்டு நாளு உன்னால மூட முடியலயா?” என்றாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

“நீ இங்க படுத்துகினு ஸ்டாண்ட நெனச்சிகினு இருப்ப. யாரு வந்தான், எவன் கேட்டான்னு. படுத்த எடத்துலயாவது உருப்படியா படு. அதான் சொன்னேன்.” பிறகு, “உனக்கு நம்பர் தெரியும்னும் எனக்குத் தெரியும்” என்றார்.

அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“ஒரு வருசமா தெரியும்மே. நீ வாத்துன்னு சொல்லிகினு இருக்கும்போதே உன் காலு மூணாவது வரிசைக்குப் போவுது. நான் இன்னும் வாயே தொறக்கல. எனக்குக் காது நல்லாதான் கேக்குது.”

நான் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து உள்ளே போனபோது அவர் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் இல்லாத அந்தப் பத்து நாளில் அவர் ஒரு வேலை செய்தார். பழைய எண்ணெய் டின்களை வெட்டிப் புதிய தகடுகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஆணியால் புள்ளி புள்ளியாக அடித்து எண்ணை எழுதினார். விரலால் தடவினால் எண் தெரியும். ஆணி பிசகி இடது கைப் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. வண்டியில் தொங்குவதற்கு ஒன்று, ஆளிடம் கொடுக்க ஒன்று என்று எல்லா எண்ணுக்கும் இரண்டிரண்டு செய்துமுடித்தார்.

அக்கா திரும்பி வந்து மூன்று நாள் அவரோடு பேசவில்லை. புதுத் தகடுகளை எடுத்துப் பார்த்தாள், கட்டைவிரலால் தடவினாள், ஆணியில் மாட்டிவிட்டாள். நான்காம் நாள் காலையில் நான் போனபோது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அவர் உள்ளே வரிசையில் ஒரு வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“வேற வரிசையில நிறுத்துறாரு” என்றாள் என்னிடம் மெதுவாக.

“சொல்லுங்களேன் அக்கா.”

“அவரே தடவிப் பார்த்துக் கண்டுபுடிப்பாரு. நீ கெளம்பு, சங்கு ஊதப்போவுது.”

அதன் பிறகும் பல வருடம் ஸ்டாண்ட் நடந்தது. கீற்று போய் ஓடு வந்தது. எனக்குக் கல்யாணமாகி ஆவடிப் பக்கம் வந்துவிட்டேன். முதலில் அவர் இறந்துபோனார் என்றும், அக்கா அதற்குப் பிறகு ஒரு வருடம் தனியாக நடத்திவிட்டு, ஏரிக்கரையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. இப்போது அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன, எந்திரம் சீட்டுத் தருகிறது.

அக்காவின் அழுகையை நான் வெகுகாலம் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். ஆட்கள் விலகிப்போவார்கள் என்ற பயம் என்று நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் என் கணவருக்குக் காது மந்தமாயிற்று. கடையிலும் பாங்கிலும் அவருக்காக நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிச் சமாளித்தேன், மகளுக்குக்கூடத் தெரியாமல். ஒருநாள் மருந்துக் கடையில் அவரே, “எனக்குக் காது சரியாகக் கேட்காது, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் உரக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அப்படி ஒரு கோபம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்திருந்த ஒன்றை எடுத்துத் தெருவில் போட்டுவிட்டாரே என்ற கோபம். பாதி வழி வரை அவரோடு பேசாமல் நடந்தேன். முப்பத்தேழாம் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட முகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ஏன் ஒன்றும் பேசாமல் வருகிறாய்?” என்றார் அவர்.

வழக்கம்போல அவர் காதருகே குனிந்து சொல்லப்போனேன். பிறகு, நடுத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கவே சொன்னேன், வீட்டில் தோசை மாவு இல்லை, வாங்கிக்கொண்டு போகலாம் என்று.