மஜீதாவுக்கு ஒரு சொந்தக் கோழி

1961 மார்கழி வரையில் மஜீதா பீவி முப்பதுக்கும் மேற்பட்ட கோழிகளை வளர்த்து ஆளாக்கியிருந்தார். அவற்றில் ஒன்றுகூட அவருடையதாக நிலைக்கவில்லை.

திருச்சி பீமநகரில், உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டிய சந்து ஒன்றில் அவர் வீடு. கணவர் தாஜுதீன் பெரிய கடைவீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் பைண்டர். அச்சான தாள்களை அவர் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். மஜீதா உட்கார்ந்து மடித்துக் கொடுப்பார். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருக்கிறது, பின்னால் சின்னக் கொல்லையும் இருக்கிறது என்பதால்தான் பக்கத்து வீட்டுப் பாப்பாயி தன் கோழியை அவரிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். பாப்பாயி காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய், வெண்டைக்காய் விற்பவர். விடியுமுன் போனால் பொழுது சாயத்தான் வருவார்.

வாரம் என்றால் இதுதான்: கோழி ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர். பொரிக்கும் குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. கோழிக்காரர் முதலில் பொறுக்குவார், வளர்த்தவர் மிச்சத்தை எடுப்பார். தாய்க்கோழி எத்தனை வருஷமானாலும் கோழிக்காரருடையதுதான்.

மஜீதாவின் பங்கில் வந்தவை பெரும்பாலும் சேவலாகவே போயின. பெட்டை கிடைத்த வருஷம் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து சந்திலிருந்த கோழிகளையெல்லாம் துடைத்தது. அதில் தப்பிய ஒன்று மகள் ரஷீதாவின் நிக்காஹ் விருந்துக்குப் போயிற்று. ஒருமுறை மகனுக்கு டைபாய்டு வந்து தேறியபோது, கேட்காமல் ஒரு முட்டையை அவித்துக் கொடுத்துவிட்டார். பாப்பாயி சண்டை போடவில்லை. "அடைக்கு வச்சிருந்தா ஒரு குஞ்சு ஆயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மஜீதாவுக்கு ஒரே எண்ணம். தனக்கென்று ஒரு பெட்டைக்கோழி வேண்டும். முட்டையை அவிக்க யாரையும் கேட்கக்கூடாது.

நான் இதையெல்லாம் அறிந்தது தாஜுதீன் வழியாக. பத்திரிகை வேலையாக அந்த அச்சகத்தில் ப்ரூஃபுக்குக் காத்திருப்பது என் வழக்கம். ஒருநாள் அவர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, பழைய தாள் கட்டிலிருந்து கறையான்களை ஒரு பிரஷ்ஷால் கவனமாக அதில் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்காமல் இருக்க முடியுமா?

கதை ஐப்பசியில் தொடங்குகிறது. முந்தைய ஈட்டில், அதாவது போன முறை அடை வைத்தபோது, கூடையிலிருந்த வைக்கோலில் பேன் பற்றிக் கோழி பாதியில் எழுந்து போய்விட்டது. முட்டையெல்லாம் கூமுட்டை. இந்த முறை மஜீதா வைக்கோலே வேண்டாம் என்று முடிவு செய்தார். வீட்டில் தாளுக்குப் பஞ்சமில்லை. அது காலண்டர் அச்சாகும் பருவம். நிறம் விலகி வீணான பளபளப்புத் தாள்கள் கட்டுக்கட்டாக வந்தன. சிவப்பு தனியாக நீலம் தனியாக விழுந்த அணைக்கட்டுப் படங்கள். அவற்றைக் கூடையில் நான்கைந்து அடுக்காக விரித்தார். இடிக்கு அஞ்சி ஓர் இரும்புத் துண்டும், ஒரு காய்ந்த மிளகாயும் போட மறக்கவில்லை. மேலே முட்டைகள், அதன்மேல் கோழி.

பாப்பாயி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மஜீதா, காலண்டர்ல அடை வச்சிருக்க? குஞ்சு பொரிச்சதும் தேதி கிழிக்குமா?"

"பேன் புடிக்காதுக்கா. சுத்தமா இருக்கும்."

சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வழுக்கியது. கோழி திரும்பிப் படுக்கும்போதெல்லாம் ஓரத்து முட்டைகள் உருண்டு சூடு இழந்தன. கடைசியில் பொரித்தவை நான்கு. அவற்றில் மூன்று எப்படியோ சமாளித்து எழுந்து நின்றன. நான்காவது நோஞ்சான். ஒருநாள் தாமதமாக ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. எழ முயன்றபோதெல்லாம் கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கின. மஜீதா மறுநாள் பார்க்கும்போது வயிறு தாளில் படிய, கால்கள் அகட்டி, நீந்துவதுபோல் கிடந்தது. தாய்க்கோழி அதன்மேலேயே மிதித்துக்கொண்டு இறங்கிப் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் பாப்பாயி ஊரை விட்டுக் கிளம்பினார். துறையூரில் அரிசி மில்லில் வேலை பார்க்கும் மகன் ராசப்பன் கூடவே வந்திருக்கச் சொல்லி அழைத்திருந்தான். கூடையோடு கோழியைத் தூக்க வந்தவர், வழக்கப்படி முதலில் பொறுக்கினார். நல்ல குஞ்சு இரண்டு. மீதி ஒரு நல்லதும், அந்த நோஞ்சானும்.

"அந்த அகட்டுக்காலு உன் பங்குக்கு வந்துருச்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்காத" என்றார் பாப்பாயி.

"இருக்கட்டும்க்கா. உசுரோடதானே இருக்கு."

"எத்தன நேரத்துக்கு?" பாப்பாயி குனிந்து பார்த்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. "ஒண்ணு செய்வோம். கோழிய இங்கயே விட்டுட்டுப் போறேன். குஞ்சுங்களுக்கு அணப்பா இருக்கும். ராசப்பன் அடுத்த ஈடு பொரிச்சதும் வந்து வாங்கிக்கட்டும்."

"அடுத்த ஈடும் பாதிதானேக்கா?"

"பின்ன? ஊர் வழக்கம்."

"முதப் பொறுக்கு உங்களது."

"கோழி என்னதுடி."

மஜீதா நோஞ்சானைக் கையில் எடுத்துக்கொண்டார். "வேணாம்க்கா. நீங்க கோழிய கொண்டுபோங்க. இந்த ரெண்ட நானே பாத்துக்கறேன்."

சாயங்காலம் தாஜுதீன் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "தாயில்லாத குஞ்ச நீ எப்படி வளப்ப புள்ள? அவுங்களா வந்து குடுத்த உதவிய வேணாம்னுட்டியே."

"உதவி இல்லீங்க. அதுவும் வாரம்."

பாப்பாயியின் கூடை துறையூர் பஸ் ஏறிய மறுநாள், நன்றாக இருந்த குஞ்சைக் கொல்லையில் பருந்து தூக்கிப் போய்விட்டது. மஜீதாவுக்கு மிஞ்சியது அகட்டுக்கால் மட்டும். அது பெட்டையாக இருக்கவேண்டும், பிழைக்கவேண்டும். இரண்டும் அவர் கையில் இல்லை. இரண்டாவதற்கு மட்டும் கொஞ்சம் ஏதாவது செய்யலாம்.

முதலில் காலண்டர் தாள் வெளியே போயிற்று. பழைய கோணியைக் கூடையில் விரித்தார். கோணியின் இழையில் குஞ்சின் நகம் மாட்டியது. ஒரு கால் நின்றது, மறுகால் போயிற்று. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் என்ன என்று தோன்றியது. நூல் அறுக்கும். கந்தல் தடிக்கும். வெற்றிலைக் கட்டில் சுற்றிவந்த வாழைநார் கிடந்தது. அதை நனைத்து மெல்லியதாகக் கிழித்து, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டினார். ஆட்டுக்குத் தளை போடுவது மாதிரி. நனைந்தபோது பூப்போல இருந்த நார், காய்ந்ததும் இறுகியது. காலையில் வலது கால் வீங்கியிருந்தது. "பாவி, நானே கெடுத்துட்டேன்" என்று அவசரமாக அவிழ்த்து, எண்ணெய் தடவி, இந்த முறை காயவிட்ட நாரால் தளர்வாகக் கட்டினார். வீக்கம் வடிந்தது. அந்தக் காலின் நடு விரல் மட்டும் உள்பக்கமாக மடங்கியே நின்றுவிட்டது.

மார்கழிக் குளிர். தாயின் இறக்கைக்குப் பதில் மஜீதாவின் மடிதான். சேலை மடிப்புக்குள் குஞ்சை விட்டுக்கொண்டு தாள் மடிப்பார். அந்தத் தை, மாசியில் பொதுத்தேர்தல். எல்லாக் கட்சி நோட்டீஸும் அந்த ஒரே அச்சகத்தில்தான் அச்சாயின. காலையில் ஒரு கட்சி, மாலையில் எதிர்க்கட்சி. குஞ்சு இரண்டின் மேலும் பாரபட்சமில்லாமல் எச்சமிட்டது. அழுக்கான தாளைத் தனியே எடுத்து வைப்பார்.

"முதலாளி கேட்டா என்ன சொல்றது?" என்றார் தாஜுதீன்.

"வாக்காளர் கருத்துன்னு சொல்லுங்க."

தண்ணீரை விரல் நுனியில் தொட்டு அலகில் வைத்தார். குருணையை ஊறவைத்துக் கொடுத்தார். தின்றது, ஆனால் தேறவில்லை. குஞ்சுக்குப் பூச்சி வேண்டும், தாய் இருந்தால் குப்பையைக் கிளறிக் காட்டியிருக்கும் என்று மஜீதா சொன்னார். அப்போதுதான் தாஜுதீனுக்கு அச்சகக் கோடவுன் ஞாபகம் வந்தது. மூலையில் கிடந்த பழைய கட்டுகளைக் கறையான் அரித்துக்கொண்டிருந்தது. முதலாளி மருந்து வாங்கி அடிக்கச் சொல்லியிருந்தார். "மருந்து எதுக்கு முதலாளி, நான் சுத்தம் பண்ணிடறேன்" என்று இவர் ஏற்றுக்கொண்டார். தினமும் சாப்பிட்டு முடித்ததும் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, கறையானை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

நான் பார்த்தது அந்தக் காட்சியைத்தான். "பொண்டாட்டி சோறு குடுத்து அனுப்புறா, நான் பதிலுக்கு இத கொண்டு போறேன்" என்றார். கூடவே என்னையும் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

கறையானைக் கொட்டியதும் குஞ்சு தளைக்காலோடு தத்தித் தத்தி வந்து கொத்தியது. விழுந்தது. தானே எழுந்தது. மஜீதா தாளை மடிப்பதை நிறுத்தவில்லை. பார்வை மட்டும் அங்கே இருந்தது.

"பெட்டையா சேவலாங்க?" என்று கேட்டேன்.

"பெட்டைதான். இன்ஷா அல்லா."

தளையை அவிழ்த்த நாளில் அது கொல்லையில் ஒரு சுற்று ஓடியது. பங்குனியில் சந்துப் பெண்கள் கொண்டையைப் பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். சிவக்கிறது, சேவல்தான் என்றார்கள் சிலர். சில பெட்டைக்கும் கொண்டை சிவக்கும் என்று மஜீதா சொல்லிவந்தார். சித்திரையில் ஒருநாள் அது சுவர்மேல் ஏறி, கழுத்தை நீட்டி, கரகரவென்று பாதிக் கூவல் கூவியது. சந்தில் ஒரே சிரிப்பு. மஜீதா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

"போனா போகுது புள்ள. நல்லா வந்திருக்குல்ல. பக்ரீதுக்கு வச்சுக்கலாம்" என்றார் தாஜுதீன்.

"மடியில வச்சு வளத்தத என் கையால ஆக்கச் சொல்றீங்களா?"



ஆடி மாதத்தில் சேவல் செம்பொன் நிறத்தில், வாலில் கறுப்பு மினுங்க, ஆள் திரும்பிப் பார்க்கும்படி இருந்தது. அப்படித் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் வீராயி. இரண்டு சந்து தள்ளி மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். காவல் தெய்வம் கருப்பனுக்குச் செஞ்சேவல் நேர்ந்திருந்தார். அவரிடமும் ஒரு செஞ்சேவல் இருந்தது. ஆனால் அதைக் கொடுத்தால் அவர் பெட்டைகளுக்குச் சேவல் இல்லாமல் போகும்.

"மஜீதாம்மா, எங்கிட்ட முட்டைக்கு வர்ற பெட்டைங்க நிக்குது. ஒண்ண எடுத்துக்கிட்டு இந்தச் சேவல குடுக்கறீங்களா?"

மஜீதா ஆசைப்பட்டது வாசலில் வந்து நின்றது. இறகு மறைத்ததாலோ, ஓடுகிற வேகத்தாலோ, வீராயியின் கண்ணுக்கு அந்த மடங்கிய விரல் படவில்லை. மஜீதா சேவலைப் பிடித்து அணைத்தபடி வலது காலை நீட்டிக் காட்டினார்.

"இத பாத்துக்கங்க. நடு விரல் கோணல்."

வீராயி தொட்டுப் பார்த்தார். முகம் விழுந்தது. "ஊனம் இல்லாம குடுக்கறேன்னு நேந்துக்கிட்டேனே. இது ஆகாதும்மா."

அவர் போனபின் தாஜுதீன் கேட்டார். "அவுங்க கேக்கவே இல்லியே. நீயா எதுக்குக் காட்டின?"

"அவுங்க நேர்ச்சைங்க அது. நாளைக்கு வீட்டுல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்னா, என் சேவல்னாலதான்னு நெனைப்பாங்க. நானும் அப்படித்தான் நெனைப்பேன்."

வேறு வழியில்லாமல் வீராயி தன் சேவலையே கருப்பனுக்குக் கொடுத்தார். ஆவணி பிறந்ததும் மறுபடி வந்தார். இடுப்பில் ஒரு கூடை, அதில் கறுப்புப் பெட்டை ஒன்று.

"வீட்டுல பெட்டைங்கதான் நிக்குது, சேவல் இல்ல. இப்ப எனக்குக் கோண விரல் என்ன, நேர் விரல் என்ன. பெட்டைய மிதிக்கத் தெரிஞ்சா போதும். மாத்திக்கலாமா?"

மஜீதா பெட்டையைப் பார்த்தார். இறக்கையை விரித்து, கண்ணைப் பார்த்து, வயிற்றைத் தடவினார். நல்ல பெட்டை. சுவரடியில் சேவல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அறுக்க மாட்டீங்களே?"

வீராயி கூடையைத் தரையில் இறக்கி வைத்தார். "இப்ப அறுக்க மாட்டேன். பொங்கலுக்கு மருமவன் வந்து நின்னா என் கை சும்மா இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. நீங்க அன்னைக்கு உள்ளத காட்டுனீங்க, நானும் உள்ளத சொல்லிடறேன்."

மஜீதா உள்ளே போனார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இதை நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு மஜீதாவே சொன்னதுதான். எவ்வளவு நேரம் உள்ளே நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. வீராயி எதுவும் அவசரப்படுத்தாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

வெளியே வந்து, சேவலைப் பிடித்து, தானே கூடையில் வைத்தார்.

"காலப் புடிச்சுத் தலகீழாத் தூக்காதீங்க. அந்தக் கால் தாங்காது. அணச்சுத் தூக்குங்க."

"புள்ளைய எடுத்துட்டுப் போறாப்ல எடுத்துட்டுப் போறேன், போதுமா?"

"போதும்."

அன்று சாயங்காலமே சேவல் இரண்டு சந்துகளையும் கடந்து மஜீதாவின் கொல்லைச் சுவரில் வந்து ஏறிக்கொண்டது. வீராயி வந்து தூக்கிப் போனார். மறுநாளும் வந்தது, மறுநாளும் தூக்கிப் போனார். ஒரு வாரம் அப்படி நடந்தது. அதற்குப் பிறகு அது வீராயியின் பெட்டைகளோடு தங்கிவிட்டது, வரவில்லை. கறுப்புப் பெட்டை கார்த்திகையில் முட்டையிடத் தொடங்கியது.