கல்பனாவின் இருமல்

2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி, புதூர்நாட்டு ஜீப் ஓட்டுநர் சின்னராஜின் நான்காவது இசைத்தொகுப்பை, வாணியம்பாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் தாரிக் இணையத்தில் வெளியிட்டார். அதிலிருந்த கல்பனாவின் குரலை நீக்கி, வேறொரு பெண்ணின் குரலை வைத்தார். சின்னராஜைக் கேட்காமல் வைத்தார். குற்றச்சாட்டு இதுதான்.

கல்பனா சின்னராஜின் மனைவி. அந்த ஆண்டு மாசியில் நெஞ்சுநோயால் இறந்தவர்.

சின்னராஜுக்குப் பித்து இரண்டு. ஒன்று, கணினியில் தானே கோக்கும் மின்னணு இசை; முதல் கியரில் ஏற்றம் ஏறும் ஜீப்பைப்போல மெதுவாக நகரும். மற்றொன்று, பல்லவர் காலத்து நடுகற்கள். சவாரி இல்லாத நாள்களில் கல்வெட்டு நூல்களை வைத்துப் பழைய எழுத்தைப் படிக்கக் கற்றார், மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார். ஒரு தொகுப்புக்கு ஒரு கல் என்பது அவர் வகுத்துக்கொண்ட முறை.

நான்காவது கல், பகைவர் கவர்ந்த மாட்டுமந்தையை மீட்கப்போய் இறந்தவனுக்கு நட்டது. சாமைக் கொல்லையின் ஓரத்தில் நிற்கிறது. கல்பனா விரல்வைத்துப் படிக்க, சின்னராஜ் செல்போனில் பதிந்தார். "தொறு மீட்டுப் பட்டான்" என்பதற்குள் இருமல் வந்துவிட்டது. பிறகு சிரிப்பு.

"செத்தவனுக்குக் கல்லு வச்சாங்க, சரி. அவன் பொண்டாட்டிக்கு இன்னா வச்சாங்களாம்?"

"உனக்கு நான் பாட்டு வெக்கிறேன், படி."

அந்தச் செல்போன் மழையில் நனைந்து கெட்டது. தொகுப்பில் சேர்க்கக் கொடுத்திருந்ததால், மிஞ்சிய ஒரே பிரதி தாரிக்கிடம் இருந்தது. தொகுப்பைக் கேட்ட மறுநாளே சின்னராஜ் மலையிறங்கி வாணியம்பாடிக்குப் போனார்.

"தூங்குறதுக்குப் போட்டுக் கேக்குற பாட்டுண்ணா. நடுவுல இருமினா எவன் கேப்பான்? நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"பாட்ட நீயே வச்சிக்க, பாய். அந்த இருமலக் குடு."

தாரிக் கணினியைத் திறக்கவில்லை. "பழைய டிஸ்க்குல இருக்கும்ணா. தேடிச் சொல்றேன். டீ சாப்புடுங்க."

மிலாது நபி முடியட்டும் என்றார். கல்யாண சீசன் முடியட்டும் என்றார். பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை. அனுப்பிய செய்திகளையெல்லாம் சின்னராஜ் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார்.

கல்பனாவின் முகத்துக்கு வீட்டில் புகைப்படங்கள் உண்டு. குரலுக்கு எதுவும் இல்லை. ஒருநாள் ஜீப்பில் அந்தத் தொகுப்பைப் போட்டார். கல்பனா இருமி நிறுத்திய இடத்தில் யாரோ ஒருத்தி தங்குதடையின்றிப் படித்துக்கொண்டு போனாள். ஒலியை நிறுத்திவிட்டுத் தானே இருமிப் பார்த்தார். அவளைப்போல் வரவில்லை.

நல்லதுக்குச் செய்ததாகத் தாரிக் சொல்வதைச் சின்னராஜ் மறுக்கவில்லை. வாய்ச்சொல்லைத்தான் இனி ஏற்க இயலாது. அந்தப் பதிவு இருக்கிறதா, அழிந்ததா? அழிந்ததென்றால் அழிந்தது என்றே தாரிக் தம் கைப்பட எழுதி, ஒப்பமிட்டுப் பதில் அனுப்ப வேண்டும்.