ஓடுபாதையில் சந்திரகலா

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சந்திரகலாவுக்குக் கார் லைசென்ஸ் கிடைத்தது. இரண்டு தடவை சோதனை மேட்டில் வண்டி பின்னால் உருண்டு தோற்று, மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி வாங்கியது. கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் கைதட்டிக் கொண்டாடினார்கள். வீட்டில் கணவர் சின்னையா மட்டும், "சரி, பத்திரமா அலமாரில வை," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சின்னையா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். எத்தனை நீளமான லோரியையும் ஒரே வெட்டில் பின்வாங்கி நிறுத்துகிற ஆள் என்று பெயர். இனிப்புநீர் நோய் அந்தக் கண்களைத் தின்றுவிட்டது. இப்போது வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் வந்தால் ஏதோ அசைவது தெரியும், முகம் தெரியாது. பார்வை போனாலும் வீராப்பு இம்மியும் குறையவில்லை. மனைவி ஓட்டும் காரில் ஏறுவதைவிட ஆஸ்பத்திரிக்கு நடந்தே போவேன் என்பார். அப்படி நடந்து ஒருநாள் கால்வாயில் விழுந்தும் வந்தார். அதற்குப் பிறகும் ஏறவில்லை.

இதைக் கேள்விப்பட்ட மகன் பிரவின், பினாங்கிலிருந்து முடிவாகச் சொல்லிவிட்டான். அடுத்த மாதம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும். பிள்ளை நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சந்திரகலாவுக்குக் கிள்ளானை விட்டுப் போக மனசே இல்லை. இங்கே அவளுக்கு வேலை இருந்தது, சிநேகிதிகள் இருந்தார்கள், தன் இஷ்டத்துக்குத் திறந்து மூட ஒரு கதவு இருந்தது. மகன் வீட்டு சோபாவில் விருந்தாளி மாதிரி எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது? சின்னையா ஒரே ஒரு நாள் அவளை நம்பிக் காரில் உட்கார்ந்துவிட்டால் பினாங்குப் பேச்சே அடங்கிவிடும். அவரை எப்படி ஏற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

கேரி தீவுக்குப் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் இராஜம்மாதான், வேலை இடைவேளையில், தெரியாமலேயே வழி சொன்னாள்.

"எங்க தோட்டத்துல பழைய ஏரோப்ளேன் திடல் இருக்குக்கா. சண்டக் காலத்துல கட்டுனது. காட்டுக்குள்ள இன்னும் சிமெண்டு நீட்டமா கெடக்கு லா."

சந்திரகலா தேநீரை அப்படியே வைத்துவிட்டாள். சின்னையா வாலிபத்தில் முதன்முதலாக லோரி ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த ஓடுபாதையில்தான். கல்யாணமான புதிதில் அதைப் பற்றியே பேசி அவள் காதைப் புளிக்க வைத்திருக்கிறார். மறு நடவு நடந்தபோது எல்லாம் பெயர்த்துப் போட்டிருப்பார்கள் என்று தானாக முடிவு செய்து, பேச்சையே விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"நெசமா இருக்கா?"

"இராஜம்மா வீட்டுக்குப் பின்னாலயாம். போய்ப் பாப்போமா?"

"யாரு ஓட்டுறது?"

"நாந்தான்."

சின்னையா மைலோவைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார். "அங்க வரைக்குந்தான். அப்புறம் ஏற மாட்டேன்," என்றார். அங்கிருந்து எப்படித் திரும்புவார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் காரியம் கெட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய பழைய, சின்னக் கஞ்சில் கார் கிளம்பியது. வழிநெடுக அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். எதிரில் லோரி சத்தம் கேட்டால் கதவுப் பிடியை இறுக்கினார். சந்திரகலா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பி, கடைசி மர வரிசையைத் தாண்டியதும், சக்கரச் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டது. கார் சிமெண்டின் மேல் ஏறியிருந்தது.

பனி இன்னும் விலகவில்லை. இருபுறமும் செம்பனைகள் மங்கலாக நிற்க, நடுவே சாம்பல் நிறத்தில் அது நேராகப் போய், எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெண்மைக்குள் கலந்திருந்தது. வெடிப்புகளில் லாலாங் புல் முளைத்திருந்தது. ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை. நாம் விழித்துத்தான் இருக்கிறோமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஓடுபாதையின் தொடக்கத்தில், இடுப்பு உயரத்துக்கு மண்ணில் புதைந்த ஒரு கான்கிரீட் கூடு. துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்காக அதில் ஒரு பிளவு விட்டிருந்தார்கள். தோட்டத்து ஜனங்கள் அதற்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துண்டு சுற்றி, முனியாண்டியாக்கி விட்டார்கள். பிளவில் பாதி எரிந்த சுருட்டு ஒன்று செருகியிருந்தது. சண்டைக்காரன் உட்கார்ந்து வெளியே பார்த்த இடத்தில் இப்போது முனி உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்காரனையும் ஜப்பான்காரனையும்விட அவர்தான் அதிக நாள் காவல் இருக்கிறார் என்று சந்திரகலா நினைத்துக்கொண்டாள்.

முனி இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்துவிட்டுச் சும்மா போகலாமா? முன்சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கினால்தான் வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் காப்பு. சின்னையா செருப்பைக் கழற்றிக் காருக்குப் பின்னால் விட்டுவிட்டு, தடவித் தடவிப் பழங்களைத் தானே வைத்தார். பிறகு ஒதுங்கி நின்று கைகூப்பினார்.

"ம், எடு."

சந்திரகலா பதற்றத்தில் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டாள். கார் விருட்டென்று பின்னால் போய்க் குலுங்கி நின்றது.

"பழம் நசுங்குன சத்தமே கேக்கலையே," என்றார் சின்னையா.

"பழம் அப்படியே இருக்குங்க. உங்க செருப்பு மேலதான் ஏத்திட்டேன்."

அவள் திட்டுக்குத் தயாரானாள். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார். "செருப்புக்குக் காப்பு கட்டிட்ட லா. இனிமே நான் கால்வாயில விழ மாட்டேன்." அவர் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் தடவை சரியான கியரில் பழங்கள் நசுங்கின.

அவர் வெறுங்காலோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையில் நடந்தார். கண்ணில் படுவதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். விமானங்களை ஒளித்து வைத்த மண்கரைகள், குதிரை லாடம் மாதிரி வளைந்து, பெரணி மூடிக் கிடந்தன. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, அதில் நீல அல்லி பூத்திருந்தது. சிமெண்டில் ஓர் இரும்பு வளையம் புதைந்திருந்தது. விமானம் காற்றில் நகராமல் கட்டிப்போடுவதற்கு என்றார் அவர். சின்னையா குனிந்து விரலை அதற்குள் விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க எறங்குனவன்லாம் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பானாங்க?" என்று கேட்டாள்.

"சில பேரு போயிருப்பான்."

பனிக்குள் ஏதோ உறுமுவது போலிருந்தது. தலைக்கு மேல் எங்கோ கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒரு பயணிகள் விமானம் போனது. இரண்டு பேரும் அண்ணாந்தபடி நின்றார்கள். இருவருக்கும் தெரிந்தது ஒரே வெண்மைதான்.

காருக்குத் திரும்பியதும் சின்னையா தயங்கினார். "கலா, ஒரே ஒரு தடவ நான் ஓட்டட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நூறு காரணம் இருந்தது. ஆனால் யாருமில்லாத, வளைவில்லாத பாதை வேறு எங்கே கிடைக்கும்? சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அவள், "கொஞ்சம் வலது... இப்ப நேரா... நேரா," என்று சொல்லிக்கொண்டே இருக்க, பனியைப் பிளந்துகொண்டு கார் மிதந்தது. அவர் முகத்தில் இருபது வயது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் கார் எழும்பிவிடும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பாதிப் பாதையில் அவராகவே நிறுத்தினார்.

"போதும். ஒரு நாய் குறுக்க வந்தாகூட எனக்குத் தெரியாது கலா."

இறங்கி, பானட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். இதற்குத்தான் அவள் இத்தனை நாள் திட்டம் போட்டாள். அது நடந்தேறியபோது சந்தோஷமாக இல்லை. அவர் தோற்று அவள் ஜெயித்ததுபோல ஆகிவிட்டதே என்று கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொண்டு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள்.

பந்திங் சாலையில் லோரிகளுக்கு நடுவே வரும்போது அவருடைய கைப்பேசி அடித்தது. பிரவின்.

"ப்பா, சாமான் ஏத்த லோரிக்குச் சொல்லிட்டேன். எங்க இருக்கீங்க? கிராப் டாக்சிலயா?"

சின்னையா பிரேக்கைத் தேடவில்லை. கால்களை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"லோரி வேணாம்னு சொல்லிடு. தீபாவளிக்கு நாங்களே வர்றோம்," என்றார். "இப்ப போன வை. அம்மா வண்டி ஓட்டுறா, ஹைவேல சத்தம் போடக்கூடாது."