அத்தையின் தாடைக்கு ஒரு டாக்டர்

காரியாபட்டியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு மட்டும் இலை போடாமல் தாண்டிப் போனார்கள். அவமதிக்க நினைத்துச் செய்ததல்ல. அவளால் வாயைத் திறக்க முடியாது என்பது சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். "ஒங்களுக்குப் பாயசம் டம்ளர்ல வருதுக்கா" என்று பரிமாறியவர் கரிசனமாகத்தான் சொன்னார். கடித்த பற்களுக்கு இடையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "எனக்கும் இலை போடுங்க." இலை வந்தது. சோறும் கூட்டும் அப்பளமும் வந்தன. ஒரு பருக்கையைக்கூட அவளால் உள்ளே தள்ள முடியாது. ஆனாலும் பந்தி எழுந்திருக்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் இலையை மடித்தபோது, நிறைந்த இலையை அவளும் மடித்தாள். கை கழுவும் இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதச் சரியாக்குறவுக எங்கனயோ இருக்காக. கண்டுபிடிக்கணும். நீ கூட வா" என்றாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் திரி வைக்கும் வேலை பார்த்தவள். ஆலை வேனில் அவள் ஏறினால் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவாராம். அவள் பேச்சே போதும் என்று. ஒருநாள் பக்கத்து அறையில் மருந்து வெடித்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஓடிய வேகத்தில் அத்தை தடுக்கி, சிமெண்ட் திட்டில் முகவாய் மோத விழுந்தாள். நெருப்பு அவளைத் தொடவில்லை. முகவாயில் கிழிந்த இடத்தில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். தையல் காய்ந்தது. ஆனால் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது. சில மாதங்களில் பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. கஞ்சியைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஊற்றி உறிஞ்சிக் குடித்தாள். பல் துலக்க முடியவில்லை. கொட்டாவி வந்தால் வலியில் கண்ணீர் வழியும். "உசுரு தப்புனதே பெருசு, விடு" என்று மாமா சொல்வார். வீட்டுக்கு வந்து போகிறவர்களும் அதையே சொன்னார்கள். உயிரோடு இருப்பவளுக்கு வாயும் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவளைத் தவிர.

நான் அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு அலைந்தேன். எலும்பு டாக்டர் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது பல் டாக்டர் பார்க்க வேண்டியது என்றார். காதோரம் வலிக்கிறது என்றதால் காது டாக்டரிடம் போனோம். காதில் கோளாறே இல்லை என்றார். நரம்பாக இருக்கும் என்று ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த இடத்தில் கோளாறு இல்லை என்று சொன்னாரே தவிர, கோளாறு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் விருதுநகரில் ஒரு பல் டாக்டர். தாடை முழுவதையும் படம் எடுத்துப் பார்த்தார். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. இது என் கையில இல்ல" என்றார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நான் எழுந்துவிட்டேன். அத்தை அந்தச் சாய்வு நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப யாரு கையில இருக்குன்னு சொல்லுங்க. சொல்லாம எந்திரிக்க மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி உட்கார்ந்தேன். அவருக்குக் கோபம் வருமென்று நினைத்தேன், வரவில்லை. படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இந்த முறை பற்களை விட்டுவிட்டு ஓரங்களை. பிறகு தன்னோடு படித்த ஒருவரைப் போனில் அழைத்துப் பேசினார். பல் மருத்துவம் படித்துவிட்டு, அதற்கு மேல் வாய், முகம், தாடை அறுவைக்கென்றே தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதுரையில் ஒருவர் இருந்தார்.

அந்தச் செய்தி எப்படியோ ஆலைக்குப் போய்விட்டது. மறுநாளே போர்மேன் வீட்டுக்கு வந்தார். "ஆஸ்பத்திரில கேட்டா வீட்டுப் படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்கக்கா. மாமாவும் நம்ம கம்பெனியிலதான வேலை பாக்காரு" என்றார். மிரட்டல் போலவே இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பது போல இருந்தது. மாமா தலையாட்டினார். அத்தை மருந்துச் சீட்டுகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மதுரை டாக்டருக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். காதுக்கு முன்னால் இரு பக்கமும் விரலை வைத்து, "மெல்லத் திறங்கம்மா" என்றார். அசைவே இல்லாத அந்த இடத்தில் விரலை வைத்தபடி சற்று நேரம் இருந்தார். பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார்: அடி பட்டது முகவாயில், உடைந்தது காதோர மூட்டில். உடைந்ததை யாரும் பார்க்காமல் விட்டதால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயிருந்தது. ஒட்டியதை வெட்டி எடுக்க வேண்டும். வாய் திறக்காததால் மயக்கம் கொடுப்பதே சிரமம், மூக்கு வழியாகத்தான் குழாய் விட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதன் பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல, மாடிப்படியில..." என்று கூட வந்திருந்த மாமா தொடங்கினார்.

"வீட்டுல எங்க இருக்கு மாடி?" என்று அத்தை அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "பட்டாசாலையில விழுந்தேன் டாக்டர். வெடிச்சுச்சு, ஓடுனேன், விழுந்தேன். அப்பிடியே எழுதுங்க."

டாக்டர் அப்படியே எழுதினார்.

அறுவை முடிந்தது. ஆனால் வலியின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான். மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஐஸ்கிரீம் மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகி, தாங்க முடிந்ததும் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். அத்தையின் கால்விரல்கள் பாயைப் பிறாண்டும். நான் குச்சியை உருவப் போனால் கையைத் தட்டிவிடுவாள். இடையில் ஆலையிலிருந்து தகவல் வந்தது: இந்த சீசனுக்கு அத்தையும் மாமாவும் வேலைக்கு வர வேண்டாம். "இப்ப திருப்தியா?" என்று மாமா கத்தினார். அத்தை குச்சிகளை எடுத்துக் கீழே வைத்தாள். "திருப்திதான். நான் விழுந்த எடத்த நான் சொன்னேன். அதுக்கு வேலை போகும்னா, அது என்ன வேலை?" என்றாள். மாமா வெளியே போய்விட்டார். சில நாள் அவளிடம் பேசவில்லை. பிறகு விருதுநகரில் மிளகாய் வத்தல் சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு சாயங்காலம் காராச்சேவுப் பொட்டலம் ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றார். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அந்தச் சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் அத்தையின் கதையைக் கேட்டு 'பாவம்' என்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பொறுத்துப் போ என்று ஊரே சொன்னபோது அவள் போகவில்லை, அவ்வளவுதான். வாய் முன்போல முழுதாகத் திறக்காது. திறக்கும்போது தாடை லேசாக இடப்பக்கம் இழுக்கும். பேச்சு மட்டும் பழையபடி வந்துவிட்டது.

போன மாதம் ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போட்டோ கேட்டார்கள். ஸ்டூடியோவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். அவள் என்னிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "வாய மூடுங்கக்கா, தாடை கோணலா விழுது" என்றார் போட்டோக்காரர்.

"கோணலாத்தான் இருக்கு. வாய மூடச் சொன்னவுக நெறையப் பேரு தம்பி" என்றாள் அத்தை. "நீ இப்பிடியே எடு."

அவர் எடுத்தார்.