உப்புக் காப்பி

பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனர் ஒருநாள் என்னிடம் மலாயில் கேட்டார்: "உங்கள் வீட்டுச் சமையற்காரி நல்லவளாகத் தெரிகிறாள். எங்கே பிடித்தீர்கள்?" நம் வீட்டில் ஏது சமையற்காரி என்று விழித்தேன். அவர் சொன்னது என் மனைவியை. அவர்மேல் குற்றமில்லை. தினமும் காலையில் அவள் தமிழில் சாப்பிடக் கூப்பிடுகிறாள்; பிள்ளை இங்கிலீஷில் ஒரு வார்த்தையை உதிர்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். தாயும் மகனும் இப்படியா பேசிக்கொள்வார்கள்? "அவள் என் சம்சாரம்" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

ஊரிலிருக்கும் நீங்களும் சிரிக்கலாம். வினை விதைத்தவன் நானேதான். மகன் சேகர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது, வீட்டில் தமிழ் புழங்கினால் துரைமார் ஆபீசில் வேலை கிடைக்காது என்று எவனோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பிள்ளை தமிழில் ஏதாவது கேட்டால் பதில் சொல்லாதே என்று அவளுக்கு உத்தரவு வேறு. வேலை என்னவோ கிடைத்தது. வா, சாப்பிடு, தூங்கு என்பதற்கு மேல் அவனிடம் தமிழ் தங்கவில்லை. அவன் தாய்க்கோ தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது.

போன வருஷம் அவனுக்குப் பெண் எடுக்க ஊருக்கு வந்தோம். பெண் வேறு யாருமில்லை, செம்பட்டியில் இருக்கும் என் தங்கை ராக்கம்மாளின் மகள் காமாட்சி. அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே "இவ உன் வீட்டுக்குத்தாண்ணே" என்று சொல்லிவைத்தவள் என் தங்கை.

முறை மாப்பிள்ளை வந்தால் எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். பெண்கள் கேலி பேச வேண்டும், அவன் பதிலுக்கு வாரிவிட வேண்டும். பாதிச் சம்மதம் அதிலேயே முடிந்துவிடும். காமாட்சி காப்பியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். கதவுக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சேகர் ஒரு மடக்குக் குடித்ததும் முகம் கோணியது. மரியாதை கெட்டுவிடக் கூடாதே என்று மீதியையும் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, "தேங்க் யூ" என்றான். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் காமாட்சி நேராக என்னிடம் வந்தாள். சேகர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, கோவிச்சுக்காதீக. எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்."

"ஏந்தாயி, நல்ல பயதானே?"

"நல்லவுகதான். உப்பைப் போட்டுக் குடுத்தா, 'ஒங்காத்தா இப்படித்தான் காப்பி போடச் சொல்லிக் குடுத்தாளா'ன்னு ஒரு வார்த்தை வைய வேணாமா? அம்புட்டுத் தூரம் வந்து நான் யாருகிட்டச் சண்டை போடுவேன் மாமா?"

ராக்கம்மாள் அவளை அடிக்கக் கை ஓங்கினாள். நான் தடுத்தேன். "பேச்சத்த புள்ளையாக் கொண்டாந்திருக்கியேண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட தங்கை, நாங்கள் பஸ் ஏறும்வரை என்னோடு பேசவில்லை.

கப்பலில் எனக்கு ஒரு பக்கம் என் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், மறுபக்கம் சேகர். கரை மறைந்த பிறகு அவன் மெதுவாக இங்கிலீஷில் கேட்டான், அன்றைக்கு அந்தப் பெண் என்னதான் சொன்னாள் என்று. அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தாயை விட்டுக் கடல் தாண்டி வர அவளுக்கு மனமில்லையாம் என்றேன். நம்பிவிட்டான். நான் சொன்னது நிஜந்தானா என்று அவன் கேட்டுப் பார்க்கலாம். பெற்ற தாய் ஒரு கை தூரத்தில்தான் இருந்தாள். எந்த மொழியில் கேட்பான்?