படம் சுருங்கினால் நிறுத்திவிடுங்கள்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. கார் பேட்டரியில் டிவி ஓடியது எங்கள் வீட்டில் மட்டும்தான். பேட்டரி இறங்கினால் திரையில் படம் சுருங்கும். "அப்பவே நிப்பாட்டிருங்க அக்கா, இல்லாட்டி பேட்டரி போயிரும்" என்று சார்ஜ் போடும் கடைக்காரர் சொல்லியிருந்தார். வீடு நிறைய ஆட்கள் இருக்கையில் எழுந்து போங்கள் என்று சொல்ல என் கௌரவம் விடவில்லை. பாரிசவாயுவில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "படத்துல ஆளெல்லாம் எறும்பாட்டம் ஆயிட்டாங்க, நிப்பாட்டு புள்ள" என்பார்.

"நீங்க சும்மா கெடங்க" என்பேன்.

ஒரு வருஷம்கூடத் தாங்காமல் பேட்டரி செத்தது. வேறு வாங்குவதற்குள் அவரும் போய்விட்டார். கடைசி மாதங்களில் இருட்டுத் திரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

இப்போது படம் சுருங்கத் தொடங்கியதுமே நிறுத்திவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்போதும் கோபித்திருக்க மாட்டார்கள்.