என் வீட்டுக்காரர் டெல்லி போன விதம்

அந்த வாரம் பார்த்துத்தானா அந்தச் செய்தி டிவியில் வர வேண்டும்? எங்கோ வெளிநாட்டில் ஒரு விமானம், கிளம்பிய இரண்டாவது நிமிடமே எஞ்சின் பழுதாகி விழுந்துவிட்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கோ வியாழக்கிழமை ஆபீஸ் வேலையாக டெல்லிக்கு முதல் விமானப் பயணம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ரயில்ல போங்களேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "அடி லூசு, ப்ளேன்ல ரெண்டு எஞ்சின் இருக்கும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"விழுந்த ப்ளேன்ல மட்டும் என்ன, ஒண்ணா இருந்துச்சு?"

அதற்கும் சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாம்பாரில் உப்பே போடவில்லை. அதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவர் ஆபீஸ் காரில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். நான் அவர் தம்பியின் ஸ்கூட்டரில் பின்னாலேயே போய், ரன்வேயை ஒட்டிய மதிலோரம் நின்றுகொண்டேன். அங்கே கடலை விற்றுக்கொண்டிருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏனூ ஆகல்ல அக்கா, ஒண்ணும் ஆகாது, நான் தினம் பாக்கறேன்" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லி ஒரு பொட்டலத்தை நீட்டினார். எனக்குக் கடலை இறங்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, "அண்ணி, இதான் அண்ணன் ப்ளேன்!" என்று கொழுந்தன் கத்தினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு வினாடிகளை எண்ண ஆரம்பித்தேன். எண்பதிலேயே ப்ளேன் கண்ணுக்கு மறைந்துவிட்டது. நம்பிக்கையில்லாமல் முந்நூறு வரை எண்ணினேன். எங்கும் புகை இல்லை. அப்பாடா என்று ஸ்கூட்டரில் ஏறினேன்.

காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், பூட்டிய வாசலில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருக்கிறார் மனிதர்!

"ப்ளேன் ஏணி வரைக்கும் போனேன்டி. கால் வரல. வயித்து வலின்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? அந்த நியூஸை நானுந்தானே பார்த்தேன். நீ சொன்னதுக்கு ஆமான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே அழுதிருப்பேன்."

நன்றாக நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், ஆள் முழுசாக இருக்கிறாரே என்றிருந்தது.

"அடுத்த தடவை நானும் வரேன். விழுந்தா சேர்ந்தே விழுவோம்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆபீஸ்ல ஒரு டிக்கெட்தான்டி தருவாங்க" என்றார்.